நரியேந்தலில் ஆள் உண்டு

வாங்க தம்பி, வெயில்ல நிக்காதீக. நாற்காலி ஒண்ணுதான் கெடக்கு, அதுல நீங்க உக்காருங்க. எனக்கு இந்த வாசப்படி போதும். மொதல்ல தண்ணி குடிங்க. குழாய்த் தண்ணிதான். நல்லாருக்கா? இந்தத் தண்ணிக்காகத்தான் என்னையப் போலீசு பிடிச்சுட்டுப் போச்சு. சொல்றேன், இருங்க.

அந்தத் தாளை இன்னொரு தடவை வாசிங்க. எண்பத்தொண்ணாம் வருசக் கணக்குல என்ன போட்டிருக்கு? நரியேந்தல், ஆளில்லா ஊர். ஆம்பளைக்கு ஒரு கோடு, பொம்பளைக்கு ஒரு கோடு, வீட்டுக்கு ஒரு கோடு. அப்பிடித்தான? சரி. என்னைய இந்த ஊர்ல கட்டிக் குடுத்தது எண்பத்தி மூணு ஆவணியில. ஆளே இல்லாத ஊருக்கா எங்கய்யா என்னையக் கட்டிக் குடுத்தாரு? தாலி கட்டுனது யாரு, பேயா? எம் மாமனாரு, மாமியாரு, எம் வீட்டுக்காரரு உடையப்பன், அவரு தம்பி மலையரசன், அம்புட்டுப் பேரும் இதே வீட்டுலதான் இருந்தாக. அந்தா கருவக்காடு தெரியுதுல்ல, அதெல்லாம் வீடா இருந்துச்சு.

நீங்க காலேசுல இந்தத் தாலுகாவோட சனத்தொகையை வெள்ளக்காரன் காலத்துலருந்து எடுத்து எழுதுறீக. எழுதுங்க, நல்லது. ஆனா தாளைப் பாத்து மட்டும் எழுதிப்புடாதீக. இப்பத்தான வாசிச்சீக, வெள்ளக்காரன் எடுத்த மொதக் கணக்குல எங்க ஊர்ல ஆம்பளை நூத்துக்கு மேல, பொம்பளை முப்பது சொச்சம்னு. 'பொம்பளை ஏன் இம்புட்டுக் கம்மி, பொம்பளைப் பிள்ளைகளைக் கொன்னுட்டாகளா'ன்னு வேற கேட்டீக. அப்பிடியெல்லாம் எழுதக்கூடாது. எம் மாமனாரு குருந்தன் சொல்லுவாரு, அவுக முன்னோரு சொன்ன கதை. கணக்கெடுக்கக் குதிரையில ஆள் வருதுன்னதும் தலைக்கு வரி போடப் போறாகன்னு ஒரு பேச்சு. பொம்பளைகளைக் கப்பல்ல ஏத்தித் தீவுக்கு அனுப்பப் போறாகன்னு இன்னொரு பேச்சு. பொண்டு பிள்ளைகளைப் பனங்காட்டுக்குள்ள ஓட்டிவிட்டுட்டு ஆம்பளைக மட்டும் வரிசையா நின்னாகளாம். நடக்க முடியாத கெழவிகதான் வீட்டுல. அந்த முப்பது சொச்சம் அவுகதான்.

அப்பறம் இருபத்தொண்ணுல பாதிக்குப் பாதி கொறைஞ்சிருக்குன்னீகளே, அது காய்ச்சல். வீட்டுக்கு வீடு பாயை விரிச்சுப் படுத்துட்டாக. தூக்குறதுக்கு ஆளில்லாம வண்டியில வச்சுக் கொண்டு போனாகளாம். அதுலயும் அழியலை எங்க ஊரு. பொழச்சவுக கலியாணம் முடிச்சு, பிள்ளை குட்டி பெத்து, மறுபடியும் எந்திரிச்சு நின்னுச்சு. அடுத்தடுத்த கணக்குல கூடிக்கிட்டே வருதா இல்லையா? நீங்களே சொல்லுங்க. அப்பிடிக் காய்ச்சலுக்கே அசையாத ஊரை ஒத்த ஆளு வாயாலயே அழிச்சுப்புட்டாரு.

கட்டாலங்குடி தெரியும்ல, நீங்க பஸ்ஸை விட்டு எறங்கின ஊரு. அங்கருந்து நடந்துதான வந்தீக? எம்புட்டுத் தூரம்னு உங்க சட்டையே சொல்லுது. அந்த ஊரு பிரசிடெண்டு வயிரவன். இப்ப இல்ல, போய்ச் சேந்துட்டாரு. அவருக்கு அவரு ஊரு பெரிய ஊரு ஆகணும். தலை எண்ணிக்கை கூடினாத்தான் ஆஸ்பத்திரி, பேங்கு, பெரிய பள்ளிக்கூடம். எண்பத்தொண்ணுல கணக்கெடுக்க வந்த வாத்தியாரைத் தன் வீட்டுல உக்கார வச்சுக் கோழி அடிச்சுப் போட்டிருக்காரு. 'நரியேந்தலுக்குப் போயி ஏன் சார் அலையுறீக, அங்க ஒரு குஞ்சு குளுவான் கெடையாது. இருக்கிற நாலு பேரும் எங்க ஊரு ஆளுகதான். கிழக்குத் தெருன்னு ஒண்ணு போட்டு அதுல எழுதிக்கங்க, பேரெல்லாம் நானே சொல்றேன்'னு சொல்லியிருக்காரு. வாத்தியாரும் கோழியத் தின்னுட்டு எழுதிட்டாரு.

அப்ப ஊர்க்காரவுக எங்க போனாகன்னுதான கேக்குறீக? கரிமூட்டத்துக்குப் போயிருந்தாக. இங்க ஒரு போக வெள்ளாமைதான். தை அறுப்பு முடிஞ்சா ஊரே கெளம்பிரும். கருவ மரத்தை வெட்டி அடுக்கி, மேல மண்ணைப் பூசி, உள்ள தீயப் போட்டுக் கரியெடுக்கிற வேலை. எங்கிட்டுக் காடு ஏலம் போகுதோ அங்கிட்டுக் குடிசை போட்டுக் கெடக்கணும். ஊர்ல கெழடுகளும் ஆடுகளும்தான் இருக்கும். சர்க்காரு அந்த மாசம் பாத்துத்தான் தலை எண்ண வருது. எங்க நேரம் அப்பிடி.

அது பாட்டுக்கு ஒரு தாளுல கெடந்துட்டுப் போகட்டும்னுதான் நானும் நெனச்சிருப்பேன். தண்ணிதான் விடலை. நான் வந்த புதுசுல கம்மாய்க்குள்ள ஆள் மட்டத்துக்குக் குழி தோண்டி வச்சிருப்பாக. அதுல எறங்கிச் செரட்டையால கோரிக் கோரி ஊத்தணும். ஒரு குடம் நெறையுறதுக்குள்ள இடுப்பு ஒடிஞ்சுரும். எம் மகன் வீரபத்திரனை வயித்துல வச்சுக்கிட்டு நான் அந்தக் குழிக்குள்ள எறங்கியிருக்கேன். கட்டாலங்குடியில தெருவுக்குத் தெரு குழாய் ஓடுது. எங்க தலையைக் காட்டி வாங்குன குழாய். அங்க போனா, 'எங்க சனம் பிடிச்சு முடிக்கட்டும், தள்ளி நில்லுங்க'ம்பாளுக.

பிள்ளை இடுப்புல உக்காருற வயசானதும் பொம்பளைக ஏழெட்டுப் பேரு பஸ்ஸேறி யூனியன் ஆபீசுக்குப் போயி மனுக் குடுத்தோம். அந்த ஆபீசரு நல்ல மனுசன்தான், உக்காரச் சொன்னாரு. பெரிய புஸ்தகமாப் பாத்து எடுத்தாரு, புரட்டினாரு, ஒரு எடத்துல வெரலை வச்சாரு.

"ஏம்மா, நரியேந்தல்ல ஆளே கெடையாதேம்மா."

"அப்ப நாங்க யாரு சார்?"

"நீங்க கட்டாலங்குடி. அங்கதான் தண்ணி இருக்கே."

"ஒரு குடத்தை இடுப்புல வச்சுக்கிட்டு அங்கருந்து எங்க வீடு வரைக்கும் நடந்து காட்டுங்க சார். அப்பறம் ஒத்துக்கிறேன்."

அவருக்கே சிரிப்பு வந்துருச்சு. 'ஆளில்லாத ஊர்ல தண்ணித் தொட்டி கட்டுனா எம் வேலை போயிரும்மா. அடுத்த கணக்கு வரட்டும், உங்களைத் தனியா எழுதச் சொல்லுங்க'ன்னாரு. எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். இடுப்புல இருந்த பிள்ளையத் தூக்கி அவரு மேசை மேல உக்கார வச்சேன். 'தொட்டுப் பாருங்க சார், இது ஆளா, இல்லையா'ன்னேன். அவன் என்ன பண்ணிட்டான்னா, விரிச்சுக் கெடந்த அந்தப் புஸ்தகத்து மேலயே மோண்டுட்டான். கூட வந்தவளுக எல்லாம் பயந்து வெளிய ஓடிட்டாளுக. நான் ஓடலையே. இல்லாத ஊருப் பிள்ளை மோண்டா நனையாது சார்னு சொல்லிட்டு, அவனைத் தூக்கிக்கிட்டு மெதுவாத்தான் வந்தேன்.

தொண்ணூறாம் வருசம் வீட்டுக்கு நம்பர் போட வந்தாக. கணக்குக்கு முந்தியே அது நடக்கும், உங்களுக்குத் தெரியும். கட்டாலங்குடி ஆளுக ரெண்டு பேரு தார் டப்பாவைத் தூக்கிக்கிட்டு வந்து ஒவ்வொரு செவுத்துலயும் என்னமோ எழுதிட்டுப் போனாக. எங்களுக்கு வாசிக்கத் தெரியாது. நான் பேரெழுத மட்டும் பழகியிருந்தேன். எம் வீட்டுக்காரரும் அம்புட்டுத்தான். ஊர்ல எழுத்துக் கூட்டி வாசிக்கிறவ ஒருத்திதான் இருந்தா.

தமயந்தின்னு பேரு. எங் கொழுந்தன் மலையரசன் பொண்டாட்டி. மூட்டத்துக்குப் போன எடத்துல பழகிக் கூட்டிக்கிட்டு வந்துட்டான். வேற சனம் தம்பி. நாங்க பொழங்குற சனம் இல்ல. எம் மாமனாரு வாசல்லயே நிறுத்திப்புட்டாரு. ஊரு கூடிப் பேசி, கம்மாய்க் கரைக்கு அங்கிட்டு ஒரு குடிசையப் போட்டுக்கடான்னு சொல்லிட்டாக. நல்லது கெட்டதுக்குச் சேக்கிறதில்ல. மத்தபடி அடிக்கலை, வையலை. வேற ஊர்கள்ல என்ன நடக்குதுன்னு நீங்க பேப்பர்ல படிக்கிறீகல்ல? எங்க ஊரு நல்ல ஊரு. அவ எட்டாவது வரைக்கும் படிச்சவ.

அவளைக் கூப்பிட்டு விட்டேன். வீட்டுக்குள்ள இல்ல, தெருவுலதான். "ஏய், இதுல என்ன போட்டிருக்கு பாரு"ன்னேன். எட்ட நின்னே வாசிச்சா.

"க.குடி, கி.தெரு, அப்பறம் நம்பர் போட்டிருக்குக்கா. கட்டாலங்குடி, கிழக்குத் தெருன்னு அர்த்தம்."

கிழக்குத் தெருவாம்! கம்மாயைத் தாண்டி, ஓடையத் தாண்டி, காட்டைத் தாண்டி ஒரு தெரு. உலகத்துலயே பெரிய ஊரு கட்டாலங்குடிதான் போல. எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சுச்சு. என் வீட்டுச் செவுத்துல, நான் மண்ணு மிதிச்சுப் பூசுன செவுத்துல, அடுத்த ஊரு பேரை எழுதிட்டுப் போயிருக்காக.

அன்னைக்கு மத்தியானமே பொம்பளைகளைக் கூட்டினேன். தாரு லேசுல மறையுமா? சாணியக் கொழச்சு அப்பி, காயவிட்டு, அது மேல சுண்ணாம்பை அடிச்சோம். பொங்கலுக்கு அடிச்ச மாதிரி ஊரே வெளுத்துப் போச்சு. தமயந்தி குடிசையில அழிக்கிற வேலை இல்ல. அவுக அதுக்கு நம்பரே போடலை. எம் வீட்டுக்காரரு பின்னாலயே வந்து, 'ரேசன் கார்டைப் பிடுங்கிருவாகடி, அரிசிக்கு எங்க போறது'ன்னு அழுகாத கொறைதான்.

"பிடுங்கட்டும். நான் சோறு திங்குறதுக்காக வேற ஊரு ஆளாகணுமா? எனக்கு அந்தச் சோறு வேணாம்."

"பிரசிடெண்டு சும்மா விட மாட்டாருடி."

"நானும் சும்மா விட மாட்டேன்னு போய்ச் சொல்லுங்க."

சொல்லப் போகலை அவரு. வீட்டுக்குப் பின்னால போயி உக்காந்துக்கிட்டாரு. நல்ல மனுசன், பயந்த சுபாவம். சாகுற வரைக்கும் அப்பிடித்தான் இருந்தாரு.

வயிரவன் பிரசிடெண்டு ஏட்டையாவைக் கூட்டிக்கிட்டே வந்துட்டாரு. வெள்ளை வேட்டி, கையில கைத்தடி. தெருவுல நின்னுக்கிட்டு, "எவ அழிச்சது?"ன்னாரு.

"நாந்தான்."

"சர்க்காரு போட்ட நம்பரை அழிச்சா ஜெயிலுன்னு தெரியுமா?"

"தெரியும். கூட்டிட்டுப் போங்க. ஆனா எந்த ஊர்ல அழிச்சேன்னு ஒழுங்கா எழுதணும். என்ன ஏட்டையா, எழுதுவீகல்ல?"

ஏட்டையாவுக்கு அப்ப அது வெளங்கலை. ஸ்டேசனுக்கு வாம்மான்னாரு. போனேன். என் கூட நாலு பொம்பளைக வந்தாளுக. தமயந்தியும் வந்தா. நான் கூப்பிடலை. எங்களுக்குப் பின்னாலயே, கொஞ்சம் தள்ளி நடந்து வந்தா.

ஸ்டேசன்ல எழுதுறவரு பேனாவைத் திறந்தாரு. பேரைச் சொன்னேன். ஊருன்னாரு. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள வயிரவன், "கட்டாலங்குடி, கிழக்குத் தெரு"ன்னுட்டாரு.

"அப்பிடின்னா கேஸே இல்லையே சார்"னேன் நான். "கட்டாலங்குடிக்குள்ள தெருத் தெருவாப் போய்ப் பாருங்க. எல்லா வீட்டு நம்பரும் பளிச்சுன்னு இருக்கு. அங்க எதுவும் அழியலை. நான் அழிச்சது நரியேந்தல்ல."

எழுதுறவரு தாளுலருந்து பேனாவை எடுத்துட்டாரு. ஏட்டையா பிரசிடெண்டைப் பாக்குறாரு. பிரசிடெண்டு என்னையப் பாக்குறாரு. உள்ளருந்து எஸ்.ஐ. வந்தாரு, சின்ன வயசு. என்னய்யா சத்தம்னு கேட்டாரு. எல்லாத்தையும் கேட்டுட்டு, "சம்பவம் நடந்த எடம் எது? நீ போய்ப் பாத்தேல்ல?"ன்னு ஏட்டையாவைக் கேட்டாரு. ஏட்டையா மென்னு முழுங்கி, "நரியேந்தல்தான் சார்"ன்னாரு. "அப்ப அதை எழுதுய்யா. குத்தவாளி குடியிருக்கிற வீடு?" "அதே ஊருதான் சார்." "அதையும் எழுது."

வயிரவன் மூஞ்சி போன போக்கைப் பாக்கணுமே! ஒடனே கொரல் மாறிப் போச்சு. 'விட்டுருங்க சார், பொம்பளை, தெரியாமச் செஞ்சுட்டா, பிள்ளைக்காரி'ங்குறாரு. நான் விடுவேனா? 'தெரிஞ்சுதான் சார் செஞ்சேன், கேஸைப் போடுங்க'ன்னேன். அவரு வேணாங்குறாரு, நான் வேணுங்குறேன். போட்டாத்தான் நகருவேன்னு அந்தத் தரையிலயே உக்காந்துட்டேன். எஸ்.ஐ. சிரிச்சுக்கிட்டே, 'எழுதுய்யா, இந்தம்மா இனிமே விடாது'ன்னாரு.

கையெழுத்துப் போடச் சொன்னாக. பேரைப் போட்டேன். ஊரு பேரையும் நானே எழுதணும்னு ஒரு வெறி. எனக்கு எழுதத் தெரியாதே. சன்னல் வழியாப் பாத்தேன், தமயந்தி முத்தத்துல நின்னா. அவளுக்கு எப்பிடித்தான் தெரிஞ்சுச்சோ, குனிஞ்சு வெரலால மண்ணுல பெருசு பெருசா எழுதினா. நான் வெளிய வந்து அதைப் பாத்துப் பாத்து மண்ணுலயே எழுதிப் பழகினேன். ந, ரி, யே. அந்த 'யே' மட்டும் நாலு தடவை தப்பிப் போச்சு. அவ அழிச்சு அழிச்சுத் திரும்ப எழுதிக் காட்டினா. அப்பறம் உள்ள போயித் தாளுல எழுதினேன். கெட்டிக்காரி, அதை நான் இல்லைங்கலை.

கோர்ட்டுல எச்சரிச்சு அனுப்பிட்டாக. அதுவா பெருசு? டவாலி போட்ட ஆளு வாசல்ல வந்து நின்னு, 'நரியேந்தல், உடையப்பன் மனைவி பஞ்சவர்ணம்'னு மூணு தடவை கூப்பிட்டாரு தம்பி. வராண்டா அதிரக் கூப்பிட்டாரு. என் கலியாணத்துல கூட என் பேரை யாரும் அப்பிடிக் கூப்பிட்டதில்ல. நான் மாலை போட்ட பொண்ணு கணக்கா நிமுந்து உள்ள போனேன். குத்தத்தை ஒத்துக்கிறியான்னு கேட்டாரு ஜட்ஜு. நரியேந்தல்ல வச்சு அழிச்சேங்கய்யான்னேன். அவருக்குப் புரியலை. எனக்குப் புரிஞ்சுச்சு, போதும்.

கேஸ் நகலை வாங்கிட்டுப் போயி தாலுகா ஆபீசுல வச்சோம். ஆளில்லாத ஊர்ல சர்க்காரே ஒரு ஆளைப் பிடிச்சுக் கேஸ் போட்டிருக்குதே, இப்ப என்ன சொல்றீகன்னு கேட்டோம். வர்ற கணக்குல நரியேந்தலைத் தனியாவே எழுதுங்கன்னு உத்தரவாயிருச்சு. ஜெபமணி டீச்சருன்னு ஒருத்தரைப் போட்டாக.

இனி ஆளு வேணும்ல? மாசி மாசம், ஊரே மூட்டத்துல கெடக்கு. வீரபத்திரனை மாமியாகிட்ட விட்டுட்டு, ஒவ்வொரு காடாப் பஸ்ஸேறியும் நடந்தும் போனேன். சாயல்குடிப் பக்கம் ஒரு காடு, கமுதிப் பக்கம் ஒரு காடு. ஆம்பளைக என்னையப் பாத்துச் சிரிச்சாக. "எங்களை எண்ணினா எங்களுக்கென்ன கெடைக்கும்?"னு ஒருத்தன். "மூட்டத்துல தீ கெடக்கு, விட்டுட்டு வந்தா அம்புட்டும் சாம்பலாயிரும்"னு இன்னொருத்தன். பொம்பளைகளைப் பாத்துக் கேட்டேன். "செரட்டையால தண்ணி கோருறது நீங்களா, இவுகளா? தீய இவுக பாத்துக்கட்டும், நீங்க பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு வாங்கடி"ன்னேன். பொம்பளைக கெளம்பினாளுக. அப்பறம் ஆம்பளைகளும் ஒவ்வொருத்தரா வந்து சேந்தாக. கரி அப்பின மூஞ்சியோட, கண்ணு மட்டும் வெள்ளையா, வாசலுக்கு வாசல் உக்காந்திருந்தாக. ஜெபமணி டீச்சரு சைக்கிள்ல வந்து எறங்கி, "இம்புட்டுப் பேரா!"ன்னு நின்னுட்டாக. சனத்தை ஒளிச்சு வச்ச ஊரு தம்பி இது. அன்னைக்கு எண்ணு எண்ணுன்னு தலையைக் காட்டிக்கிட்டு உக்காந்திருந்துச்சு.

வீடு வீடா நாந்தான் கூட்டிட்டுப் போனேன். கடேசி வீடு முடிஞ்சதும், அவ்வளவுதான் டீச்சர், மோரு குடிங்கன்னேன். அவுக கம்மாய்க் கரையைப் பாத்தாக.

"அங்க ஒரு குடிசையில பொகை வருதே?"

"அது ஊரு இல்ல டீச்சர். ஊருக்கு வெளிய."

"ஊருக்கு வெளியன்னா எந்த ஊரும்மா?"

"எந்த ஊரும் இல்ல. அவுகளை நாங்க சேக்கிறதில்ல."

டீச்சரு என்னைய ஒரு மாதிரியாப் பாத்தாக. மோரைக் குடிக்கலை. சைக்கிளை அங்கயே விட்டுட்டுக் கரையேறிப் போயிட்டாக. ஏன்னு எனக்கு இன்ன வரைக்கும் தெரியலை தம்பி. படிச்சவுகளுக்கு ஊரு நடைமுறை புரியுறதில்ல. நான் என்ன பொய்யா சொன்னேன்? போயி எழுதிட்டுத்தான் வந்தாக. அது அவுக இஷ்டம்.

தொட்டி அதுக்கப்பறம் ரெண்டு மூணு வருசம் கழிச்சு வந்துச்சு. நாந்தான் மொதக் குடம் பிடிச்சேன். தமயந்தி தெருவுக்குள்ள வந்து பிடிச்சாப் பிரச்சினையாகும்னு, கரைக்கு அங்கிட்டு அவளுக்குன்னு தனிக் குழாய் இழுத்துக் குடுக்கச் சொன்னதும் நாந்தான். வேற யாரு செய்வா சொல்லுங்க? அவ வாசல்லயே தண்ணி. நான் அவளுக்கு ஒரு கொறையும் வச்சதில்ல.

இப்ப எத்தனை பேரு இருக்கீகன்னு கேக்குறீக. அதைக் கேக்கத்தான எல்லாரும் வர்றாக. தண்ணி வந்துச்சு, ரோடு பாதி வந்துச்சு, சனம் போயிருச்சு. கரி வேலை படுத்துருச்சு, திருப்பூரு பனியன் கம்பெனி இழுத்துக்கிருச்சு. ஒவ்வொரு வீடாப் பூட்டினாக. பூட்டுன வீட்டுக்குள்ள கருவை மொளச்சுருச்சு. எம் வீட்டுக்காரரு போயி ஆறேழு வருசமாச்சு. எம் மகன் வாரத்துக்கு ரெண்டு தடவை போன் போட்டு, 'கெளம்பி வாம்மா, அங்க ஒத்தையில என்ன பண்ற'ங்குறான். புதுசாக் கணக்கு வரப்போகுதாம்ல. அது முடியட்டும்டா, அப்பறம் பாப்போம்னுட்டேன். இந்தக் கணக்குக்கு இல்ல, எந்தக் கணக்குக்கும் நான் போறதா இல்ல. அதை அவன்கிட்டச் சொல்லலை. நான் போனா மறுபடியும் கோடு போடுவான். அதுக்கா ஸ்டேசன் தரையில உக்காந்தேன்?

கரைக்கு அங்கிட்டு அவுக இருக்காக. மலையரசன் செத்துட்டான். தமயந்தி, அவ மகன், மருமக, ரெண்டு பிள்ளைக. அந்தப் பய டிராக்டரு ஓட்டுறான். போன கார்த்திகையில எனக்குக் காய்ச்சல் கண்டு, எந்திரிக்க முடியாமக் கெடந்தேன். ஊர்ல ஒரு ஆள் கெடையாது. அவதான் கஞ்சியக் கொண்டாந்தா. தெருவுல நின்னுக்கிட்டு, "அக்கா, உள்ள வரட்டுமா?"ன்னா. வாசல்ல வச்சுட்டுப் போன்னேன். வச்சுட்டு நின்னா. என்னால வாசலுக்கு நகர முடியலை. அவளாத்தான் உள்ள வந்தா, நான் கூப்பிடலை. தலையத் தூக்கிப் பிடிச்சு ஊட்டி விட்டா. காய்ச்சல் விடுற வரைக்கும் வந்தா. இம்புட்டு வருசமாப் பேசாததை அப்ப என்னத்தப் பேச?

என்னது? அப்ப ஊர்ல ஆறு பேரான்னா கேக்குறீக? இல்ல தம்பி. ஊர்ல நான் ஒருத்திதான். அவுக கரைக்கு அங்கிட்டு. சொன்னேன்ல?

ஏன் பேனாவை நிறுத்திட்டீக?

ஒண்ணுன்னு எழுதினா என்னவாம்? நாளைக்கு நான் கண்ணை மூடினா... ஆமா. கோடுதான். அது எனக்குத் தெரியாதா? எல்லாம் தெரியும். நீங்க ஒண்ணும் சொல்லித்தர வேணாம், எம் மகன் வயசு இருக்குமா உங்களுக்கு?

சரி, எழுதுங்க. ஆறு. ஆறுன்னே போடுங்க. இந்தப் பாதையில நேராப் போனா நீலக் கதவு போட்ட வீடு. பிள்ளைக பேரையெல்லாம் அவகிட்டயே கேட்டு எழுதிக்கங்க, எனக்குச் சரியாத் தெரியாது. நான் போகச் சொன்னேன்னு சொல்ல வேணாம். இல்ல, சொல்லுங்க. அக்காதான் அனுப்புச்சுன்னு சொல்லுங்க. எனக்கென்ன பயம்? ஆறு பேரு இருக்கோம் தம்பி இந்த ஊர்ல. எவன் வந்து கோடு போடுறான்னு நானும் பாக்குறேன்.